பிருந்தாம்மாவுக்கு நாம் வைத்த பாக்கி

கச்சேரி மேடையில் ஒரு பதத்தைப் பாடி முடித்ததும் பாடகர், இது பிருந்தாம்மா பாடாந்தரம், அவர் வழியில் வந்த பாட்டு என்று சொன்னால் நாம் பலமாகக் கை தட்டுகிறோம். பாடியவர் மேல் மரியாதை ஒரு படி கூடுகிறது. நல்ல இடத்தில் கற்றிருக்கிறார் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொள்கிறோம். அந்த நல்ல இடம் நம் ஊரிலேயே, நம் காலத்திலேயே, 1996 வரை உயிரோடு இருந்தது. அதன் வாசலுக்கு நம்மில் எத்தனை பேர் போனோம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

பிருந்தாம்மா என்று நாம் அழைக்கும் பாடகி தஞ்சாவூர் பிருந்தா (1912–1996) தொடர்பாகக் கர்னாடக இசை ரசிகர்களாகிய நாம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது இக்கட்டுரை. குற்றம் சாட்டுவதும் நாம், கூண்டில் நிற்பதும் நாம்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்ப்போம். வீணை தனம்மாளின் (1867–1938) பேத்தி அவர். சென்னை ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீணை வாசிப்பார்; அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற பெரிய வித்துவான்களே அங்கே போய் உட்கார்ந்து கேட்டார்கள். தனம்மாளின் மகள் காமாட்சிக்குப் பிறந்தவர்கள் பிருந்தாவும் முக்தாவும். இன்னொரு மகள் ஜெயம்மாளின் பிள்ளைகள் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விஸ்வநாதன். வீட்டிலேயே இவ்வளவு சங்கீதம் இருந்தும் சிறுமி பிருந்தாவைக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்க அனுப்பினார்கள். லயத்தில் கரை கண்டவர் என்று பேர் வாங்கியவர் நாயனாப் பிள்ளை. தியாகராஜர் கீர்த்தனைகளும் திருப்புகழும் அவரிடம் வந்தன. வீட்டுப் பக்கமிருந்து க்ஷேத்ரய்யா பதங்களும், தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகளும், முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளும் வந்தன. தாள ஞானத்தில் ஊறிய ஒரு குருவும், ராகத்தின் ஒவ்வொரு அசைவையும் வீணைத் தந்தியில் வைத்துப் பார்த்த ஒரு பாட்டியும் ஒரே தொண்டையில் சேர்ந்தார்கள்.

அந்தத் தொண்டை உரத்து எழும் தொண்டை அல்ல. பிருகா அடுக்கிக் கைதட்டல் வாங்கும் பாட்டும் அல்ல. க்ஷேத்ரய்யா பதம் சௌக்க காலத்தில், மிக மெதுவாக நடக்கும். ஓர் அட்சரத்துக்கும் அடுத்த அட்சரத்துக்கும் நடுவே கிடக்கும் இடத்தில்தான் ராகம் குடியிருக்கும். அந்த இடத்தைக் கார்வையாலும் கமகத்தாலும் நிரப்பத் தெரிய வேண்டும். காலப்பிரமாணம் ஒரு மயிரிழை முன்னே ஓடக்கூடாது. ஸஹானா, பேகடா, உசேனி, முகாரி, ஆனந்தபைரவி போன்ற ராகங்களில் எழுத்துக்கு அகப்படாத பிடிகள் இருக்கின்றன. கண்டா போன்ற ராகம் இன்று நம் காதில் விழுகிறது என்றால் அதற்குப் பதங்களும் அவற்றைக் கைமாற்றித் தந்தவர்களும் பெரிய காரணம். ஸ்வரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் எலும்புக்கூடுதான் கிடைக்கும். எதிரில் உட்கார்ந்து கேட்டு, திருப்பிப் பாடி, தவறி, மறுபடி கேட்டு வாங்குவதே அந்த வீட்டு வழக்கம். பிருந்தாம்மா அப்படித்தான் கற்றார், அப்படித்தான் கற்பித்தார். ஒரு சங்கதி சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போகாத கண்டிப்பு அது.

அவரிடம் வாங்கியவர்களின் வரிசை அசாதாரணமானது. செம்மங்குடி சீனிவாச ஐயர் வயதில் மூத்தவர், புகழிலும் மூத்தவர். அவர் பிருந்தாவிடம் பதங்கள் கற்றார். எம்.எஸ். சுப்புலட்சுமி கற்றார். ராம்நாட் கிருஷ்ணன் கற்றார். அவருடைய பேகடாவிலும் ஸஹானாவிலும் உள்ள அந்த ஓசைப்படாத ஆழத்தில் பிருந்தாவின் வீடு கேட்கிறது என்று தேர்ந்த ரசிகர்கள் சொல்வார்கள். பம்பாயில் வளர்ந்த அருணா சாயிராம் சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் தங்கிப் பிருந்தாம்மா சொல்லிக்கொடுத்தார். கீதா ராஜா அவரிடம் கற்றார். மகள் வேகவாஹினி விஜயராகவன் அந்தப் பாணியைக் காத்தார். 1949இல் சென்னையில் தொடங்கிய மத்திய கர்னாடக இசைக் கல்லூரியில் பிருந்தாம்மா ஆசிரியராக இருந்தார். முசிறி சுப்ரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். கடல் தாண்டி சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு ஆசிரியராக அழைத்தது.

கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் சபாக்களில் நாம் கண் மூடிக் கேட்ட நல்ல பதங்களில் பெரும்பகுதி, சுற்றி வளைத்துப் போனாலும், ஒரே பாய்க்குத்தான் போய்ச் சேரும். அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவரை நாம் எப்படி நடத்தினோம்?

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியக்குடி வகுத்துத் தந்த கச்சேரி அமைப்பில் பதமும் ஜாவளியும், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பின், சிறு பாடல்களுக்கென்று வரும் துக்கடாப் பகுதிக்குப் போய்விட்டன. தனி தொடங்கும்போதே நாம் எழுந்துவிடுகிறோம். கேண்டீனில் காபி ஆறுவதற்குள் திரும்பி வந்தால் உண்டு. வராவிட்டால் கடைசி பஸ், கார் நிறுத்திய இடம், மறுநாள் அலுவலகம் என்று காரணங்கள் இருக்கவே இருக்கின்றன. ஒரு பதம் தன் முழு உடம்போடு எழுந்து நிற்க பத்து நிமிடமாவது அமைதி வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை நாற்காலி மடங்கும் சத்தத்தோடும் செருப்புத் தேடும் சத்தத்தோடும்தான் நாம் கொடுத்தோம். ஒரு கலையின் சாரத்தை வாழ்நாள் முழுவதும் காத்தவரின் சொத்தை, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்கான பொழுதுபோக்காக வைத்துக்கொண்டோம். சபாக்காரர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. கூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் அவர்கள் நேரத்தை வைக்கிறார்கள்.

அடுத்தது நம் புகழ்ச்சி. பிருந்தாவை நாம் புகழாமல் இல்லை. வித்துவான்களுக்கெல்லாம் வித்துவான் என்று சொன்னோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தைக் கொடுத்ததன் மூலம் நாம் ஒரு வேலையிலிருந்து தப்பித்துக்கொண்டோம். அவர் வித்துவான்களுக்கானவர் என்றால் நமக்கானவர் இல்லை. நாம் போய்க் கேட்கவேண்டியதில்லை. பெரியவர்கள் கேட்டு, வாங்கி, நமக்குத் தோதான அளவில் இறக்கித் தருவார்கள். அவரை உயரத்தில் ஏற்றி வைத்து ஏணியை எடுத்துவிட்டோம். மேடை வாய்ப்பு, வருமானம், ரசிகர் கூட்டம் எல்லாம் அந்த உயரத்துக்கு எட்டவில்லை.

அடுத்து, கறார் என்ற பேச்சு. பிருந்தாம்மா எல்லோருக்கும் சொல்லித்தரமாட்டார், கோபக்காரர், பாட்டைப் பூட்டி வைத்துக்கொள்வார் என்று பல காலம் பேசினோம். இதே கண்டிப்பை ஓர் ஆண் வித்துவானிடம் கண்டால் குருகுல ஒழுக்கம் என்றும் சுத்த சாஸ்திரீயம் என்றும் மெச்சியிருப்போம். அந்தக் கறாருக்கான நியாயத்தையும் நாம் யோசிக்கவில்லை. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பாடல்களை, ஊரில் எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பெரிய மேடையில் பாடிப் பேரும் பணமும் சம்பாதிக்கிறார்கள். சேர்த்தவர்கள் பழைய வாடகை வீட்டுக் கணக்கோடு இருக்கிறார்கள் என்றால், கதவைக் கொஞ்சம் சாத்தி வைக்கத்தானே தோன்றும்? அப்படியும் அவர் சாத்திவிடவில்லை என்பதற்கு மேலே சொன்ன சீடர் வரிசையே சாட்சி.

இதற்கு அடியில் கிடப்பது சாதி. இதை மெல்லிய குரலில் சொல்லிச் சொல்லியே காலம் கழித்துவிட்டோம். தனம்மாளின் குடும்பம் தேவதாசி மரபிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், தேவதாசி முறையை ஒழிக்கும் இயக்கமும் அதன் முடிவில் வந்த 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமும் ஒரு கொடிய வழக்கத்துக்கு முடிவு கட்டின. அது நடக்கவேண்டிய மாற்றம்தான். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்தப் பெண்களின் பாட்டையும் ஆட்டத்தையும் நடுத்தர வர்க்கக் கூடங்கள் எடுத்துக்கொண்டன. அந்தப் பெண்களைக் கூடத்துக்கு வெளியே நிறுத்தின. நம் வீட்டுப் பெண்கள் பதம் கற்க வேண்டும், கற்றுத்தருபவரின் பிறப்பு மட்டும் பேச்சில் வரக்கூடாது என்று நினைத்தோம். காதல் நாயகியின் ஏக்கத்தைச் சொல்லும் பாடல்களில் நமக்குச் சங்கடமான வரிகளை விட்டுவிட்டோம், மிச்சத்துக்குப் பக்திப் பூச்சு பூசினோம். குரு பரம்பரை என்று பெருமையாகப் பட்டியல் போடும்போது தனம்மாள் பெயரைச் சேர்த்தோம். தனம்மாளின் பேத்தி எப்படி வாழ்ந்தார் என்பது அந்தப் பட்டியலுக்குள் அடங்கவில்லை.

விருது வரிசையைப் பார்த்தால் இது எண்ணாகவே தெரியும். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது செம்மங்குடிக்கு 1947இல், அவருடைய 39ஆம் வயதில் கிடைத்தது. பெண்களில் 1968இல் எம்.எஸ்., 1970இல் டி.கே. பட்டம்மாள், 1973இல் பாலசரஸ்வதி, அதன் பின் 1976இல் பிருந்தா. அப்போது அவருக்கு வயது 64. அவரிடம் கேட்டு வாங்கியவர்கள் பலர் அதற்கு முன்பே விருது, வெளிநாட்டுப் பயணம், இசைத்தட்டு எல்லாம் பார்த்துவிட்டிருந்தார்கள். அவரோடு சேர்ந்தே கற்று, சேர்ந்தே பாடிய தங்கை முக்தாவுக்கு (1914–2007) அந்த விருது கடைசிவரை வரவில்லை. முக்தா தொண்ணூறு வயது தாண்டி வாழ்ந்தார், முதுமையிலும் கற்பித்தார். நமக்கு நேரம் இல்லை என்று சொல்லவே முடியாத அளவுக்கு அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவரிடம் பதமும் ஜாவளியும் கற்ற எஸ். சௌம்யா 2019இலும், பிருந்தாவிடம் கற்ற அருணா சாயிராம் 2018இலும் சங்கீத கலாநிதி ஆனார்கள். சீடர்கள் பெற்ற சிறப்பு குருவுக்கும் சேரும் என்பது உண்மை. ஆனால் குருவுக்கு நாம் செலுத்த வேண்டியதைச் சீடர் கையில் கொடுத்துக் கணக்கு முடித்துக்கொள்ள முடியாது.

ஒலிநாடாக்களின் கதை இன்னும் வெட்கக்கேடானது. பிருந்தா–முக்தா பாட்டில் பெரும்பகுதி நம்மில் சிலருடைய அலமாரிகளில்தான் இருந்தது. வீட்டுக் கச்சேரியில் பதிவு செய்தது, வானொலியிலிருந்து பிடித்தது, நண்பரிடம் கெஞ்சிப் படி எடுத்தது. என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை என்பதில் ஒரு பெருமை. யாராவது கேட்டால், தருகிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட்டோம். நாடா பூஞ்சை பிடித்தது, ஒட்டிக்கொண்டது, வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போனது. அவர் பாட்டைப் பூட்டி வைத்தார் என்று குறை சொன்ன நாம்தான் அவர் பாட்டை உண்மையிலேயே பூட்டி வைத்தவர்கள். அவர் பூட்டியிருந்தாலும் சாவி யார் கையிலாவது சேர வேண்டும் என்று தேடித் தேடிக் கற்பித்தார். நாம் சாவியைத் தொலைத்தோம்.

இவற்றையெல்லாம் போன தலைமுறையின் பிழை என்று ஒதுக்கிவிட்டால் இந்தச் சுயவிமர்சனத்துக்கு அர்த்தமே இல்லை. இன்று நம் தெருவில் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியரை எப்படி வைத்திருக்கிறோம்? பத்தாம் வகுப்பு வந்தால் முதலில் நிற்பது பாட்டு கிளாஸ். கணக்கு டியூஷனுக்கு முன்பணம் கட்டுகிற நாம் பாட்டு டீச்சருக்கு மாசக் கடைசியில் பாதி மாதத்துக்குக் கழித்துத் தருகிறோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு கிடையாது, சம்பளமும் கிடையாது. இரண்டு வருடத்தில் மேடையேற்றிவிடுவீர்களா என்று கேட்கிறோம். தொடக்கப் பாடமான ஸரளி வரிசையில் அவர் ஆறு மாதம் நிறுத்தினால் வேறு ஆளைத் தேடுகிறோம். பிருந்தாம்மாவின் கண்டிப்பை இன்று வியந்து பேசும் நாம், அதே கண்டிப்போடு ஓர் ஆசிரியர் நம் பிள்ளையை ஒரே வரியில் மூன்று வாரம் வைத்திருந்தால் பொறுத்துக்கொள்வோமா என்பது நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அரசுப் பள்ளிகளில் நிலைமை இன்னும் கீழே. 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலான பாடங்களுக்கென்று தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் திரும்பத் திரும்பப் போராடியிருக்கிறார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. சபாவுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு வெளியே எங்காவது வகுப்பு கிடைத்துவிடும். இந்த ஆசிரியர்களை விட்டால் சுருதிப் பெட்டியையே பார்க்க வாய்ப்பில்லாத பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். தமிழ்நாட்டின் இசை மரபைப் பற்றி மேடையில் உருகும் நம்மில் எத்தனை பேர் அந்தப் போராட்டப் பந்தல் பக்கம் போனோம்? ராகத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் நாம், இதற்காக ஒரு கடிதம் எழுதியதில்லை.

பிருந்தாம்மாவை நடத்திய விதமும் இன்றைய ஆசிரியர்களை நடத்தும் விதமும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். ஆசிரியர் என்பவர் பாடகருக்குப் பின்னால் இருக்கும் முகவரி என்று நினைக்கிறோம். முகவரியைச் சொன்னால் போதும், அங்கே குடியிருப்பவருக்குச் சோறு உண்டா, கூரை உண்டா என்று கேட்கவேண்டியதில்லை. பரம்பரை நமக்கு வேண்டும், பரம்பரையைச் சுமந்த மனிதர் வேண்டாம்.

இத்தனைக்குப் பின்னும் பிருந்தாம்மாவின் பாட்டு அழியவில்லை என்றால், அதில் நமக்குப் பங்கு இல்லை. அது முழுக்கக் கற்பித்தலின் வலிமை. ஒலிநாடா இல்லாமல், பெரிய சபா இல்லாமல், நம் தயவு இல்லாமல், ஒரு பெண் எதிரில் உட்கார்ந்த இன்னொருவரின் காதில் வைத்த கமகம் மூன்று தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. அவருடைய சீடர்களின் சீடர்கள் இன்று சொல்லித்தருகிறார்கள். மத்திய கர்னாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் குடையின் கீழ் வந்துவிட்டது. முக்தாவிடம் கற்ற சௌம்யா அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்புக்கு வந்தார். பாயில் உட்கார்ந்து கற்றது பல்கலைக்கழகத்தின் தலைமைவரை போயிருக்கிறது.

ஆகவே பாக்கியைத் தீர்க்க இன்னும் வழி இருக்கிறது. அதற்கு மாலையும் மணிமண்டபமும் வேண்டாம். டிசம்பர் சீசனில் ஒவ்வொரு பெரிய சபாவும் ஒரு மாலை நேரத்தையாவது, ஆறரை மணி முக்கிய நேரத்தையே, பதத்துக்கென்று ஒதுக்கட்டும். நாம் டிக்கெட் வாங்கி மங்களம்வரை உட்கார்ந்திருப்போம். அலமாரியில் மிச்சமிருக்கும் நாடாக்களை வாரிசுகளின் சம்மதத்தோடு பொதுக் காப்பகத்துக்குக் கொடுப்போம். பாடாந்தரம் சொல்லும்போது பேரை மட்டும் சொல்லாமல் அந்தப் பேருக்குரியவரின் வரலாற்றையும், சாதியின் பேரால் அவருக்கு நேர்ந்ததையும் சேர்த்தே சொல்லப் பழகுவோம். பிள்ளைகளின் பாட்டு ஆசிரியருக்கு, வகுப்பு நடந்த மாதமானாலும் நடக்காத மாதமானாலும், முதல் தேதியில் சம்பளம் கொடுப்போம். அரசுப் பள்ளியில் இசைக்கு முழுநேர ஆசிரியர் வேண்டும் என்று நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம், வாக்குக் கேட்டு வரும்போது, நேரில் கேட்போம்.

இவை எதற்கும் சங்கீத ஞானம் தேவையில்லை. பிருந்தாம்மாவிடம் உட்கார்ந்து ஒரு பதம் கற்கும் தகுதி நமக்கு இருந்திருக்காது, சரி. அவரைப் போன்ற இன்னொருவர், இப்போது எங்கோ ஒரு சிற்றூரில் சம்பளம் வருமா என்ற கவலையோடு ஸரளி வரிசை சொல்லிக்கொண்டிருப்பவர், அந்த வேலையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் தகுதி நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதையாவது செய்துவிட்டுப் பிறகு கை தட்டுவோம்.